ஜெயமலர் போர் அறிவித்த பொங்கல் விழா

சுவிஸ் நாட்டின் டீட்டிகோன் நகரில் ஜெயமலரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அவளுக்கு வேறு வேறு பெயர். கொண்டாட்டம் வைக்கிறவர்களுக்கு அவள் "ரோல்ஸ் மலர்". எத்தனை பேருக்குக் கிழங்குக் கறி வைத்து ரோல்ஸ் சுற்றச் சொன்னாலும் முகம் கோணாமல் சுற்றிப் பொரித்துத் தருவாள். சாத்திரம் பார்க்கிறவர்களுக்கு அவள் "அந்தக் கேள்வி கேக்கிறவ". சனி மாற்றத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஒருவர் படியேறி வந்தபோது, "சனி டீட்டிகோனுக்கு வரேக்க இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மிற் எடுத்துக்கொண்டோ வாறவர்? எங்களுக்கு அதுக்குப் பத்து வருசம் எடுத்தது" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பியவள்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டு வந்த ஜெயமலருக்கு முதலில் வேலை கிடைத்தது எங்கடின் மலைப்பகுதியில், ஒரு ஹோட்டலின் சலவை அறையில். அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்த தயாபரனைப் பிறகு கல்யாணம் செய்தாள். விருந்தாளிகள் அறையில் விட்டுப் போகும் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படித்தே ஜெர்மன் பிடித்தாள். பருவம் முடிந்து ஹோட்டலை மூடும்போது மற்றவர்கள் மிச்சமான வைன் போத்தலை எடுத்துப்போவார்கள்; அவள் மிச்சமான புத்தகங்களை எடுத்துப்போவாள். படிக்கிற பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டது.

டீட்டிகோனுக்கு வந்தபின் ஒரு பண்டகசாலையில் வேலை. வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் சட்டையையும் சப்பாத்தையும் பிரித்து அடுக்குவது. 2012 வசந்தத்தில் ஒருநாள் சரக்கு லொறிகள் வரவில்லை. எங்கோ இரண்டு அரசாங்கங்கள் சுங்க வரி பற்றிக் கோபித்துக்கொண்டன என்றும், அதனால் பெட்டி அடுக்கும் பெண்களின் வேலை நேரம் குறைக்கப்படும் என்றும் மேலாளர் அறிவித்தார். தோளைக் குலுக்கிவிட்டுப் போயும்விட்டார். ஜெயமலருக்கு வந்ததே கோபம்! கோபித்துக்கொண்டவர்கள் மந்திரிமார். பெட்டி அடுக்குகிறவளுக்கு ஏன் தண்டனை? வேலை குறைந்த பகலில் நேரே நகர நூலகத்துக்குப் போனாள். நாடுகள் வியாபாரத்துக்காகச் சண்டை பிடித்த கதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நூலகப் பெண் கொடுத்த தடித்த புத்தகத்தில்தான் அவள் 1812ஐக் கண்டுபிடித்தாள்.

கண்டுபிடித்தாள் என்றால், வீட்டில் எல்லோரும் கண்டுபிடிக்கும்படி செய்தாள் என்று அர்த்தம். தயாபரன் சோற்றைப் பிசையத் தொடங்கினால் போதும்.

"இஞ்சை பாருங்கோ, இந்தக் குழம்புச் சட்டி பிரித்தானியா. இந்தப் பருப்பு நெப்போலியன். ரெண்டு பேருக்கும் சண்டை. அவர்ர துறைமுகத்துக்குப் போற கப்பலை இவர் பிடிப்பார், இவர்ர துறைமுகத்துக்குப் போறதை அவர் பிடிப்பார்."

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் அமெரிக்கா. நடுவில இருந்து ரெண்டு பேருக்கும் வித்துச் சாப்பிடுறியள். இப்ப ரெண்டு பக்கத்தாலயும் அடி."

"எனக்கு முதல்ல மோர்மிளகாயைத் தாரும்" என்றான் அமெரிக்கா.

அடி அதோடு நிற்கவில்லை. பிரித்தானியக் கடற்படை அமெரிக்கக் கப்பல்களில் ஏறி, "இவன் எங்களுடைய ஆள்" என்று சொல்லி மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் போர்க்கப்பலில் வேலை வாங்கியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அமெரிக்கா, கடைசியில் 1812 ஜூனில் போர் அறிவித்தது. தயாபரன் இதையெல்லாம் பருப்பாகவும் குழம்பாகவும் பல மாதம் உண்டான்.

அக்டோபரில் தமிழர் மன்றத்தின் பொங்கல் விழாக் கூட்டம் உருத்திரமூர்த்தி வீட்டில் நடந்தது. எல்லோருக்கும் அவர் மூர்த்தி அண்ணை. மன்றத்துக்குத் தலைவர், பட்டிமன்றத்துக்கு நிரந்தர நடுவர். விழாவுக்குக் கூட்டம் சேர்வதே அந்தப் பட்டிமன்றத்துக்காகத்தான். ஆனால் தலைப்பு வைப்பது பெரும்பாடு. மூன்றரை அறை வீட்டைத் தாண்டி ஒருவரும் வாழாத ஊரில் "கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா" என்று எத்தனை வருடம் கத்துவது? ஊர் நிலைமையைத் தொடவும் முடியாது. 2009க்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு காயம். எதைத் தொட்டாலும் யாருக்காவது நோகும். போன வருடம் "பழைய பாட்டா, புதுப் பாட்டா" என்று வைத்தார்கள். அதற்கே இரண்டு பேர் இன்னும் முகம் பார்ப்பதில்லை.

"நான் ஒண்டு சொல்லட்டோ?" என்றாள் ஜெயமலர். "1812இல அமெரிக்கா பிரித்தானியாவோட சண்டைக்குப் போனது வியாபாரத் தகராறாலயோ, மான உணர்வாலயோ? சண்டை தொடங்கி இந்த வருசம் சரியா இருநூறு வருசம்."

அறை சிரித்தது. தவராஜா மட்டும் யோசித்தார். ஆண்டுதோறும் ஓர் அணிக்குத் தலைமை தாங்கும் கணீர்க் குரல்காரர் அவர்.

"அந்தச் சண்டையில எங்கட ஆக்கள் ஆரும் நிண்டவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"சொந்தக்காரர், தெரிஞ்சவை?"

"அண்ணை, அவை செத்து இருநூறு வருசம்."

"அப்ப ஒருத்தருக்கும் கோபம் வராது!" மூர்த்தி அண்ணை தொடையில் தட்டினார். "முடிஞ்சுது. அதுதான் தலைப்பு."

வணிக அணிக்குத் தயாபரன் தலைவன், மான அணிக்குத் தவராஜா. மற்றப் பேச்சாளர்களின் பெயர்களும் மடமடவென்று வந்தன. எல்லாம் ஆண்கள்.

"நானும் பேசுறன்" என்றாள் ஜெயமலர்.

மூர்த்தி அண்ணை கெட்டவர் அல்ல. உண்மையான கவலையோடுதான் கேட்டார்: "அப்ப ரோல்ஸை ஆர் பாக்கிறது, பிள்ளை?"

அந்தக் கவலைதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அந்த மன்றத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் ஆண்கள் முழங்குவார்கள். முழங்க வேண்டியதை வீட்டில் பெண்கள் எழுதிக் கொடுப்பார்கள். தவராஜாவின் கைதட்டல் வாங்கிய வசனங்கள் எல்லாம் அவருடைய மனைவி ஜெயகௌரியின் வசனங்கள். தயாபரனுடையவை யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. பேசுகிற வாய்க்கு மாலை, எழுதுகிற கைக்கு மா. இந்த அநியாயம் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அநியாயத்துக்குத்தான் ஆயுள் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் தயாபரன் பல்லைக் காட்டினான். "இஞ்சேரும், ஒரு நாலு பக்கம் எழுதித் தாருமன்."

"மாட்டன்."

"என்னப்பா இது?"

"அமெரிக்கா செய்ததுதான். 1807இல அவை தங்கட துறைமுகத்தை எல்லாம் தாங்களே பூட்டினவை. எங்கட சாமான் உங்களுக்குக் கிடையாது, கிடந்து காயுங்கோ எண்டு. நானும் பூட்டிட்டன்."

பூட்டிய பின்தான் தெரிந்தது, புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை அவள் சிரித்துச் சிரித்துப் படித்தது எவ்வளவு பிழை என்று. துறைமுகத்தைப் பூட்டிய அமெரிக்காவில் கப்பல்கள் கட்டியபடி கிடந்து உளுத்தன; மாலுமிகள் பிச்சை எடுத்தார்கள்; பிரித்தானியா கொஞ்சம் முனகியதோடு சரி. இங்கேயும் அப்படியே. தயாபரன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானாகவே ஒத்திகை பார்த்தான்: "மொஸ்கோவின் பனியிலே அமெரிக்க வீரர்கள் உறைந்து கிடந்தபோது…" வெளியே ஜெயமலர் துவாயைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது அதே ஆண்டில் நெப்போலியன் ரஷ்யாவோடு பிடித்த வேறு சண்டை! சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் பூட்டு உடைந்துவிடும். ஆசைப்பட்டுத் தேடிப்பிடித்த தலைப்பை ஊர் கூடிக் கொலை செய்யப்போகிறது. அதற்குக் காவல் நிற்கிறவளும் அவளே.

கள்ளக் கடத்தலும் தொடங்கியது. ஜெயகௌரி தொலைபேசி எடுத்து, "சுகமோ அக்கா? உங்க பனியோ?" என்று விசாரித்து, வைக்கப்போகும் நேரத்தில், "அந்த மாலுமியளைப் பிடிச்சது எந்தக் கடற்படை எண்டு சொன்னனீங்கள்?" என்பாள். ஜெயமலர் பதில் சொல்லிவிட்டுப் பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

பூட்டுச் சரிவரவில்லை. அவள் புத்தகத்தில் அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள். அமெரிக்காவும் அதைத்தான் செய்தது. 1810இல் துறைமுகத்தைத் திறந்துவிட்டு இரண்டு பக்கத்துக்கும் ஒரு பேரம் சொன்னது: உங்களில் எவர் முதலில் எங்கள் கப்பலுக்குக் கொடுக்கும் தொல்லையை நிறுத்துகிறாரோ, அவரோடு வியாபாரம் தொடரும், மற்றவருக்குக் கதவு அடைபடும்.

ஜெயமலர் இரண்டு அணித் தலைவர்களுக்கும் சொல்லி அனுப்பினாள். மேடையில் தன் அணியில் எனக்கு உட்காரக் கதிரை தருகிறவருக்கு நான் எழுதித் தருவேன். மற்றவருக்கு ஒரு வரியும் இல்லை.

தயாபரன் யோசிக்க நேரம் கேட்டான். அவன் சோற்றில் உப்புப் போடவும் யோசிக்கிற ஆள். தவராஜா அன்று மாலையே பதில் சொன்னார். "தங்கச்சி, கதிரை உங்களுக்குத்தான். நான் வாக்குத் தந்தா தந்ததுதான்."

ஆகவே ஜெயமலர் தான் நம்பாத பக்கத்துக்கு, மான அணிக்கு, வரிந்து கட்டிக்கொண்டு வேலை செய்தாள். ஜெயகௌரி வீட்டுக் குசினி மேசையில் வெங்காயத் தோலுக்கு நடுவே சுதந்திர நாட்டின் கொடி பறந்தது, மாலுமியின் தாய் அழுதாள். தயாபரன் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். "எதிரிக்கு ஆயுதம் விக்கிறீர்" என்று ஒருதரம் சொன்னான். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

விழாவுக்கு முந்திய கிழமை நிகழ்ச்சி நிரல் வந்தது. மான அணியில் மூன்று பெயர், மூன்றும் ஆண்கள். கீழே, கடைசி வரியில்: "சிற்றுண்டி: திருமதி தயாபரன்."

பெயர் கூட இல்லை.

தவராஜாவைப் பிடித்துக் கேட்டாள். "என்ன செய்யிறது தங்கச்சி, லவுசானில இருந்து மச்சான் கடைசி நேரத்தில வாறன் எண்டுட்டான். அடுத்த வருசம் கட்டாயம்."

"நெப்போலியனும் இப்பிடித்தான் அண்ணை. அமெரிக்காவுக்கு ஓம் எண்டு வாக்குக் குடுத்துப்போட்டு, பிறகும் கப்பலைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தவர்."

தவராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நெப்போலியனோ? பெரிய வார்த்தை சொல்லிப்போட்டீங்கள்!"

ஜெயமலருக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரமும் வந்தது. அந்தப் பக்கத்தை அவளே படித்திருந்தாள். படித்த பிறகும் அதே குழியில் அவளே விழுந்திருந்தாள்.

பொங்கல் விழா தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் நடந்தது. ராகு காலத்துக்கு முன் விளக்கேற்ற வேண்டும் என்று மூர்த்தி அண்ணை துடித்துக்கொண்டு திரிந்தார். இலிம்மாட் ஆற்றங்கரையில் ராகுவுக்கு என்ன வேலையோ! தயாபரன் ஒலிபெருக்கி பொருத்தக் காலையிலேயே போய்விட்டான். ஜெயமலர் மதியத்துக்குப் பின் பின்வாசலால் வந்தாள். குளிர்க்கோட்டை நடையில் கொழுவிவிட்டு நேரே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். ஜெயகௌரியும் வேறு சில பெண்களும் உருளைக்கிழங்கு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

குசினிக் கதவுக்கு அப்பால் தவராஜாவின் குரல் எழுந்தது. "சபையோரே! ஒரு தாய் கடற்கரையில் நிற்கிறாள். கப்பல் வந்தது, மகன் வரவில்லை!" மண்டபம் அதிரக் கைதட்டல்.

"அது நாங்கள் எழுதினது" என்றாள் ஜெயகௌரி, கையில் மாவோடு.

"தெரியும்."

"என்ன வடிவா வந்திருக்கு, பாருங்கோவன்."

"அதுதான் என்ர வயித்தெரிச்சல்."

அடுத்த கைதட்டலில் ஜெயமலர் அகப்பையை வைத்தாள். "ஜெயகௌரி, அடுப்பை நிப்பாட்டும்."

"ஏனக்கா?"

"நான் போர் அறிவிக்கப் போறன்."

சமையல் கவசத்துணியோடு கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள். பின்னால் ஜெயகௌரி, அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். நடுப்பாதையால் நேரே நடந்து, மேடையில் ஏறி, நடுவருக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என்ர பேர் திருமதி தயாபரன் இல்லை, ஜெயமலர். இந்தத் தலைப்புக் குடுத்தது நான். இப்ப நீங்கள் கைதட்டின பேச்சிலயும் பாதி என்ர. எழுத மாட்டன் எண்டு பூட்டிப் பாத்தன், பேரம் பேசிப் பாத்தன், ஏமாந்தும் பாத்திட்டன். இண்டைக்குப் பேசாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டன். ஏலுமெண்டா இறக்கிப் பாருங்கோ!"

மூர்த்தி அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உன்னை ஆர் இறக்கினது? உன்னைத்தானே இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டிருக்கிறம்!"

அவர் கைகாட்டிய பக்கம் திரும்பினாள். வணிக அணியின் மேசையில் தயாபரனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. கதிரைக்கு முன்னால் ஓர் அட்டை. அதில் தயாபரனின் கோணல் எழுத்தில்: ஜெயமலர்.

"மத்தியானம் உன்ர மனுசன் என்னட்டை வந்து, அவவை ஏத்தாட்டி நானும் ஏறன், ஒலிபெருக்கியையும் கழட்டிக்கொண்டு போறன் எண்டு நிண்டான். நாங்கள் எல்லாரும் கூடிக் கதைச்சு, ஓம் எண்டு உனக்கு வட்சப்பில போட்டனே! பாக்கேல்லையோ?"

கைத்தொலைபேசி குளிர்க்கோட்டுப் பையில் இருந்தது. குளிர்க்கோட்டு நடையில் தொங்கியது.

"நீர் பாத்தும் கோபத்தில வரேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றான் தயாபரன். அவன் முகத்தில் வெட்கமும் சந்தோசமும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

ஜெயமலர் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமலே முன்வரிசையும் சிரித்தது.

"சபையோரே, நடந்ததைக் கேளுங்கோ. அமெரிக்கா போர் அறிவிச்சது எதுக்கு? தங்கட கப்பலை மறிக்கிற பிரித்தானியச் சட்டத்துக்கு எதிரா. அதே கிழமையில லண்டனில என்ன நடந்தது தெரியுமோ? அந்தச் சட்டத்தை எடுத்துப்போட்டம் எண்டு அவையே சொல்லிட்டினம்! ஆனா செய்தி கப்பலில வரவேணும். கடல் பெரிசு. செய்தி வந்து சேரேக்க சண்டை தொடங்கிட்டுது. மூர்த்தி அண்ணை, நீங்கள் லண்டன். என்ர கோட்டுப் பைதான் அத்திலாந்திக் கடல்!"

அன்று அந்த மண்டபத்தில் எழுந்த சிரிப்பை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கவசத்துணியைக் கழற்றாமலே தன் கதிரைக்குப் போய், நின்றபடி பேசினாள்.

தவராஜாவின் பேச்சை வசனம் வசனமாகப் பிரித்தாள். எழுதியவளுக்குத் தெரியாதா, எந்தச் சுவரில் எங்கே பூச்சு மெல்லிசு என்று? மாலுமியின் தாய்க்காகத்தான் போர் என்றால், 1814 கடைசியில் செய்த சமாதான ஒப்பந்தத்தில் அந்த மாலுமிகளைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா என்று கேட்டாள். இல்லை. மானம் மானம் என்று முழங்கிய பலர் கடலையே காணாத உள்நாட்டுக்காரர். கடலில் மகனையும் சரக்கையும் வைத்திருந்த அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தார் போரே வேண்டாம் என்றார்கள். சண்டை முடிந்து எல்லைக்கோடுகள் பழைய இடத்துக்கே போயின. முழுவதையும் இழந்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். ஒப்பந்தம் பேசிய மேசையில் அவர்களுக்குக் கதிரை போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வியாபாரத்துக்குச் சண்டை பிடிக்கிறவை ஒருநாளும் வியாபாரம் எண்டு சொல்லமாட்டினம். மானம் எண்டுதான் சொல்லுவினம். ஏனெண்டா வரிக்காக ஒருத்தனும் சாகமாட்டான். இனி ஆராவது உங்கட மானத்தை உரத்துக் கதைச்சா, அவற்ற சட்டைப் பையை ஒருக்காப் பாருங்கோ!"

தவராஜா எழுந்து நின்று கைதட்டினார். எதிரணிக்குக் கைதட்டக் கூடாது என்று மச்சான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடடா, இது நெப்போலியன்ர கைதட்டல்" என்றார் அவர்.

மூர்த்தி அண்ணை வழக்கப்படி இரண்டும்தான் காரணம் என்று தொடங்கினார். பெண்கள் பக்கமிருந்து "ஒண்டைச் சொல்லுங்கோ!" என்று ஒரு குரல் வந்தது, அது ஜெயகௌரி. பிறகு பல குரல். அவர் கையைத் தூக்கிச் சரணடைந்து, வணிகம் என்று தீர்ப்புச் சொன்னார். ரோல்ஸ் பாதிதான் பொரிந்திருந்தது. மிச்சத்தை ஆண்கள் பொரித்தார்கள், ராகு காலத்தில்.

அடுத்த வருடம் மேடையில் ஆறில் மூன்று பேர் பெண்கள். ஜெயகௌரி தன் கணவனுக்கு எதிரணியில் நின்றாள். தவராஜா முதல்முறையாகத் தன் பேச்சைத் தானே எழுதினார், அது பரவாயில்லாமலும் இருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை ஜெயமலரும் தயாபரனும் வெற்றுச் சட்டிகளோடு பேருந்துத் தரிப்பில் நின்றார்கள். மெல்லிதாகப் பனி தூவியது. பல கிழமைக்குப் பின் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

"இல்லை, ஒரு சந்தேகம். அந்த மாலுமியைப் பிடிச்சுக்கொண்டு போனது… அது மானப் பிரச்சினைதானேப்பா? அவன்ர மானம்?"

"அவனுக்கு மானம்தான். அவனைக் காட்டிப் போருக்குப் போனவைக்கு?"

"அவைக்குள்ளயும் ஒருத்தன் உண்மையா நினைச்சிருக்கலாமெல்லோ?"

"இதை ஏன் மேடையில கேக்கேல்லை?"

"நான் உம்மட அணியெல்லோ!"

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு நேரே திரும்பினாள். அவனும் தன் கையிலிருந்த பையை வைத்தான். பேருந்து வந்து கதவைத் திறந்து, கொஞ்சம் பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு போனது. இருவருக்கும் தெரியவில்லை.